அக்காவுக்கு ஒரு படகு

தமிழ்த் தொடர்கதைகளில் ஒரு மோட்டார் கார் உண்டு. பழைய வாசகர்களுக்கு அது நெருங்கிய உறவு மாதிரி. மாலை மங்கும் வேளையில், படகு போன்ற உருவத்துடன், ஓசைப்படாமல் வழுக்கிக்கொண்டு வந்து பங்களா வாசலில் நிற்கும். கதவு திறந்ததும் ஜமீன்தார் இறங்குவார்; இல்லாவிட்டால் மில் முதலாளி இறங்குவார்; அவரும் இல்லாவிட்டால், கதாநாயகியின் மனத்தைக் கலைக்கப் போகிற வாலிபன் இறங்குவான். அந்தக் காரின் பெயர் என்ன, எந்த வருஷத்து மாடல் என்று கதாசிரியர் சொல்ல மாட்டார். படகு என்றாலே அமெரிக்கக் கார் என்று வாசகருக்குத் தெரியும். அது காலனுக்கு எத்தனை மைல் கொடுத்தது, அடியில் துருவேறியபோது யார் தட்டிப் பார்த்தார்கள், பத்து வருஷம் கழித்து யார் அதை வாங்கினார்கள் என்ற சமாசாரங்கள் எந்த அத்தியாயத்திலும் வந்ததில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சமாசாரங்களைப் பற்றியது.

படகுக் கார் என்னும் ஜாதி அமெரிக்காவில் 2011 வரையில் உயிரோடிருந்தது. ஷெவர்லே கம்பெனி தன் கேப்ரிஸ் காரை 1996-ல் நிறுத்திவிட்டது. அதன்பின், பழைய முறைப்படி இரும்புச் சாஸி ஒன்றைத் தனியாகச் செய்து, அதன்மேல் உடலை ஏற்றி முடுக்கி, எட்டு சிலிண்டர் எஞ்சினை முன்னால் வைத்துப் பின்சக்கரத்தைச் சுழல விடும் பெரிய குடும்பக் காரை அந்த நாட்டில் விடாமல் விற்றுக்கொண்டிருந்தது ஃபோர்டு கம்பெனிதான். ஒரே சாஸி, ஒரே எஞ்சின், மூன்று சட்டை. சாமானியருக்கு க்ரௌன் விக்டோரியா. சற்று வசதிப்பட்டவருக்கு மெர்க்குரி க்ராண்ட் மார்க்கீஸ். தனவந்தருக்கு லிங்கன் டவுன் கார். இந்தச் சாஸி 1979-ம் வருஷத்து மாடலில் பிறந்தது. இடையில் எத்தனையோ மாறுதல்கள் செய்தாலும், அடிப்படையை முப்பது வருஷத்துக்கு மேல் மாற்றவில்லை. நம் அம்பாசடரின் பிடிவாதத்துக்கு அமெரிக்கப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் மட்டும் உறவு கிடையாது. க்ராண்ட் மார்க்கீஸ் 212 அங்குலம்; அதாவது பதினேழே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. அம்பாசடரை விட மூன்றரை அடி அதிகம்.

இனிமேல் இந்த வண்டியைப் பழையதாகத்தான் வாங்க முடியும். சென்ற வருஷம் நான் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, அப்படிப்பட்ட மூன்று வண்டிகளைச் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. ஜமீன்தாருக்காக அல்ல, என் அக்காவுக்காக.

அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் படுத்து, டயாலிஸிஸ் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது முழங்கால் வலி. வரும்போது அதோடு தலைசுற்றல், கைகால் ஓய்ச்சல். மருமகனிடம் இருந்த சின்னக் கார் தரையோடு தரையாக இருந்தது. அதில் உட்காருவதென்றால் அக்கா கிணற்றில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். நண்பர் ஒருவர் தம்முடைய உயரமான வண்டியைக் கொடுத்துப் பார்த்தார். அதில் ஏற மணைப்பலகை போட வேண்டியிருந்தது. பனி உறைந்த தரையில் மணைப்பலகை போட்டுக் கிழவியை ஏற்றுவது என்ன காரியம்! ஒரு நாள் பலகை வழுக்கிற்று. மருமகனின் மனைவி தாங்கிப் பிடித்திராவிட்டால் இடுப்பு எலும்பு போயிருக்கும். அன்றிரவு அக்கா, "இனிமே நான் போகலை. இந்த வயசுல எனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்றாள். டயாலிஸிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வீட்டுக் கடன், இரண்டு குழந்தைகள் படிப்பு எல்லாம் போக மருமகன் கையில் எட்டாயிரம் டாலர் இருந்தது. அதற்குள் ஒரு வண்டி வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர், டாக்ஸி கம்பெனி ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "க்ராண்ட் மார்க்கீஸ் பாருங்கள். அமெரிக்கத் தாத்தா பாட்டிகளுக்கென்றே செய்த கார்" என்று சொன்னார். சொன்னதோடு நில்லாமல், டார்ச் விளக்கையும் ஒரு சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு எங்களோடு புறப்பட்டும் விட்டார். இதிலே நான் சொல்லும் தொழில் நுட்பம் அத்தனையும் அவர் பாடம்.

முதலில் பார்த்தது போலீஸ் உத்தியோகத்திலிருந்து விலகிய க்ரௌன் விக்டோரியா. ஊருக்கு வெளியே ஒரு விற்பனைத் திடலில் நின்றது. விலை மலிவு. எஞ்சின் பலம் அதிகம்: சாதாரண வண்டிக்கு 224 குதிரை என்றால், 2004-க்குப் பிந்திய போலீஸ் வண்டிக்கு 250. விற்பனைக்காரர், "குடும்பத்தார் ஓட்டின கார்" என்று ஆரம்பித்தார். கிழவர் ஒன்றும் பேசவில்லை. முன் கண்ணாடியின் மூலையில் தெரியும் பதினேழு எழுத்து எண்ணைச் சுட்டிக் காட்டினார். அதில் 'பி 71' என்ற குறி இருந்தால் அது போலீஸுக்கென்று பிறந்த வண்டி. எந்தப் பெயிண்டும் அதை மறைக்காது. கூரையில் ஆண்டெனா இருந்த ஓட்டையை அடைத்திருந்தார்கள். நான் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தேன். விற்பனைக்காரர் மரியாதையாகக் கதவைச் சாத்தினார். இறங்கலாமென்று பார்த்தால் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை! கைதிகள் ஓடிப்போகாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டை மாற்ற மறந்துவிட்டார்கள். ஒரு குற்றமும் செய்யாமல் ஐந்து நிமிஷம் நான் அமெரிக்கப் போலீஸ் காவலில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

போலீஸ் வண்டியில் மைல் கணக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றார் கிழவர். அது ஓடியதை விட நின்றது அதிகம். நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியோ வேண்டும், விளக்கு வேண்டும், கோடையில் குளிர்ச்சி வேண்டும். ஒரு மணி நேரம் நின்றபடி ஓடுவது சுமார் 33 மைல் ஓடியதற்குச் சமம் என்று போலீஸ் வண்டிகளுக்கு ஃபோர்டிலேயே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மீட்டர் எண்பதாயிரம் காட்டலாம்; எஞ்சினைக் கேட்டால் இரண்டு லட்சம் என்று சொல்லும்.

இந்த ஜாதி வண்டியைப் பற்றி இன்னொன்றும் வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும். பெட்ரோல் டாங்கைப் பின் அச்சுக்கும் டிக்கிக்கும் நடுவே நிமிர்த்தி வைத்திருக்கிறது. சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்த போலீஸ் கார்களின் மேல் மற்ற வண்டிகள் அசுர வேகத்தில் வந்து மோதியபோது தீப்பிடித்துப் போலீஸ்காரர்கள் சிலர் மாண்டிருக்கிறார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகா விசாரித்து, குறையென்று தீர்ப்புச் சொல்லாமலே 2002-ல் விசாரணையை முடித்தது. அதே வருஷம் ஃபோர்டு, போலீஸ் வண்டிகளின் டாங்குக்குக் காப்புத் தகடுகள் கொடுக்க முன்வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் பாட்டிக்கும், நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு முழுதும் நிற்கும் போலீஸ்காரருக்கும் ஆபத்து ஒரே அளவல்லதான். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.

இரண்டாவது வண்டி பார்வைக்கு மாப்பிள்ளை. பளபளவென்று வெள்ளை. கிழவர் மேலே பார்க்கவே இல்லை. கையோடு கொண்டுவந்த பாயை விரித்துக்கொண்டு அடியில் நுழைந்துவிட்டார்.

கிளீவ்லாந்தில் குளிர்காலம் வந்தால் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். பனி உறையாமல் இருப்பதற்காக. அப்பளத்துக்குப் போடும் உப்பல்ல. ஊறுகாய் ஜாடிக்குப் போடும் உப்பு. பனி கரைந்து உப்புத் தண்ணீராகி, அடியிலிருந்து வண்டியை ஊற வைக்கிறது. தனிச் சாஸி வண்டிக்கு இது உயிர்நிலைக் கேள்வி. உடல் துருப்பிடித்தால் பட்டி போட்டுப் பெயிண்ட் அடிக்கலாம். மட்கார்டு நசுங்கினால் வேறொன்று வாங்கி மாட்டலாம். டாக்ஸிக்காரர்களும் போலீஸும் இந்த வண்டியை விரும்பியதற்கு அதுவே பெரிய காரணம். சாஸி போனால் போனதுதான். முதுகெலும்பு அது.

குடம் வாங்குகிற பெண்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள் அல்லவா? கிழவர் சுத்தியலால் சாஸியை அப்படித் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று கேட்டது. பின் சக்கரத்துக்கு மேலே, சாஸி வளைந்து ஏறும் இடத்தில், 'பொத்' என்றது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் 'பொத்'. இந்த இடத்தை விற்கிறவர்கள் கறுப்புத் தார்ப்பூச்சால் புதிதாகப் பூசிவிடுவார்கள். ஆகவே அடிப்பாகம் முழுதும் புத்தம் புதுக் கறுப்பாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள் என்பது அவர் கட்சி. பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய்களையும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். சொரசொரவென்று உதிர்ந்தால் அந்த வண்டிக்கு நிற்கத் தெரியாத காலம் ஒன்று வரப்போகிறது. வெள்ளை மாப்பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும் வழியில் கிழவர் வருஷங்களைப் பற்றிச் சொன்னார். 4.6 லிட்டர் எஞ்சின் நல்ல ஜாதி. ஒழுங்காக ஆயில் மாற்றினால் மூன்று லட்சம் மைல் ஓடிய டாக்ஸிகளை அவரே கண்டிருக்கிறார். ஆனால் 1996 முதல் 2001 வரையில் எஞ்சின் தலையிலே பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பாகம், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே போவதால் வெடித்து, நீர் ஒழுகிவிடும். வழக்குகூட நடந்தது. பிற்பாடு அந்த இடத்தை அலுமினியத்தில் செய்தார்கள். அந்த வருஷத்து வண்டி வாங்குகிறவர் பாகம் மாற்றியாயிற்றா என்று முதலில் கேட்க வேண்டும். 2003-ல் சாஸியைப் புதுப்பித்து, ஸ்டியரிங்கையும் மாற்றினார்கள். அதற்கு முந்திய வண்டியில் ஸ்டியரிங் கொஞ்சம் நெகிழ்ச்சி. கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பது போலத் திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகையால் 2003-க்குப் பிந்தியதையே தேடச் சொன்னார்.

கியர் தானாக மாறும்போது, நாற்பது மைல் வேகத்தில், கரடுமுரடான பாதையில் ஓடுவது போல் வண்டி நடுங்கினால் அவசரப்பட்டு ஓடிவிட வேண்டாமாம்; பல சமயம் கியர் எண்ணெயை மாற்றினால் தீர்ந்துவிடும். சில வண்டிகளில் பின்பக்கம் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கும். டவுன் காரில் அதுதான் வழக்கம். வயதானால் காற்று கசியும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், பின்கால் மடித்துப் படுத்த ஒட்டகம் மாதிரி கிடக்கும். அதனால் வண்டி பார்க்கக் காலை வேளையில், எஞ்சினை யாரும் கிளப்புவதற்கு முன்னால் போவது உத்தமம்.

மூன்றாவது வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தோம். புறநகரில் ஒரு சிறு வீடு. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் தனியாக இருந்தார். ஷெட்டில் 2007-ம் வருஷத்து க்ராண்ட் மார்க்கீஸ். சாம்பல் நீலம். ஓடியது 62,000 மைல் சொச்சம்.

அம்மையார் முதலில் வண்டியைக் காட்டவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவர் கணவர் எழுதியது. தேதி, மைல், என்ன வேலை, என்ன செலவு. ஆயில் மாற்றிய ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. பேட்டரி ஒரு வரி. பிரேக் ஒரு வரி. ஃபோர்டு கம்பெனி 2013-ல் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். 2005 முதல் 2011 வரையிலான இந்த மூன்று கார்களிலும் ஸ்டியரிங் தண்டின் கீழ்ப்பகுதி உப்பினால் அரித்துப் போகக்கூடும் என்று, உப்புக் கொட்டும் மாநிலங்களிலிருந்து சுமார் 3,70,000 வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தது. அந்த வேலை நடந்த நாளும் நோட்டில் இருந்தது. மருமகன் அதோடு விடாமல், அரசாங்க இலாகாவின் இணையதளத்தில் வண்டியின் பதினேழு எழுத்து எண்ணைப் போட்டு, வேறு பாக்கி எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டான். இது யாரும் செய்யக்கூடியது, காசு கிடையாது.

கடைசி இரண்டு பக்கங்களில் கையெழுத்து மாறியிருந்தது. ஓரம் நடுங்கிய எழுத்து. அம்மையாருடையது. ஆயில் மாற்றியதை அவரும் விடாமல் குறித்திருந்தார்.

கிழவர் அடியில் நுழைந்தார். டங், டங், டங். கடைசி வரையில் டங்.

வெளியே வந்து டயரைப் பார்த்தபோது மட்டும் அவர் முகம் சுருங்கியது. டயர் பூ தேயாமல் புதிதுபோல் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 'டாட்' எழுத்துக்களின் முடிவில் நாலு இலக்கம் உண்டு. முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். இங்கே 2313 என்றிருந்தது. 2013-ம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் பிறந்த டயர்! ஷெட்டுக்குள் பத்திரமாக இருந்த வண்டிக்கு வரும் வியாதி இது. ஓடாததால் தேயாது; தேயாததால் மாற்றமாட்டார்கள்; ரப்பரோ உட்கார்ந்த இடத்திலேயே கிழமாகிவிடும். குழாய்களும் பெல்ட்டும் அப்படியே. குறைந்த மைல் என்று கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் இதற்கு ஒரு தொகை ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் டயாலிஸிஸ் முடிந்ததும் அக்காவை நேரே அங்கே அழைத்துப் போனோம். அசந்திருக்கும் நேரத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பது மருமகன் மனைவியின் யோசனை. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

முன் கதவு அகலமாகத் திறந்தது. ஆசனம் சோபா மாதிரி குறுக்கே நீண்டிருந்தது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். முதுகைக் காட்டியபடி அப்படியே உட்கார்ந்தாள். பிறகு இரண்டு காலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி உள்ளே வைத்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. கிணறும் இல்லை, மணைப்பலகையும் இல்லை. சற்று நேரம் சாய்ந்திருந்துவிட்டு, "நம்ம வீட்டுத் திண்ணை உசரம் இருக்குடா தம்பி" என்றாள்.

இந்தக் காரைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லலாம். இதைவிடச் சரியான விமரிசனம் வராது.

சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்தோம். இருபது கன அடி டிக்கியில் அது ஒரு மூலையில் கிடந்தது. சும்மா ஒரு சுற்று ஓட்டினோம். தண்டவாளத்தைக் கடந்தபோது, வழக்கமாக 'அம்மா' என்று முனகும் அக்கா பேசாமல் இருந்தாள். சாஸிக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர்த் துண்டுகள் இருக்கின்றன. சாலையின் குலுக்கலும் சத்தமும் அங்கேயே பாதி செத்துவிடுகின்றன. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும். வேகமாகத் திருப்புகிறவர்களுக்குப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை ஆரம்பமாயிற்று. நல்ல சண்டை.

"எல்லாரும் அத்தை உட்காருறதைப் பார்த்தீங்க. பனியில ஓட்டப் போறது யாரு?" என்றாள் மருமகனின் மனைவி. "பின்சக்கர வண்டி. வால் வழுக்கினா நிறுத்தறதுக்கு அதில் ஒண்ணும் இல்லையே, மாமா!"

அவள் சொன்னது உண்மை. இந்தக் காலத்துக் கார்களில், வண்டி சறுக்கித் திரும்பப் பார்த்தால், ஒரு சக்கரத்தை மட்டும் தானாகவே பிரேக் பிடித்து நேராக்கும் மின் ஏற்பாடு இருக்கிறது. 2011 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் புதுக் கார் அத்தனைக்கும் அது கட்டாயம். படகுக் காருக்கு அதைக் கடைசி வரையில் பொருத்தவே இல்லை. அந்தச் சட்டம் வந்த மாதத்திலேயே, 15-ம் தேதி, கடைசி க்ரௌன் விக்டோரியா தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அது அமெரிக்காவுக்கு அல்ல, சவூதி அரேபியாவுக்கு. தொழிற்சாலை இருந்த செயின்ட் தாமஸ் கனடாவில், ஈரி ஏரியின் அக்கரையில், ஏறக்குறைய கிளீவ்லாந்துக்கு நேர் எதிரே இருக்கிறது. 1967-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை அத்துடன் மூடப்பட்டது.

பக்கவாட்டு மோதலும் ஒரு விஷயம். 2003 முதல், கேட்டு வாங்கினவர்களுக்கு மட்டும் முன் ஆசனங்களின் ஓரத்தில் காற்றுப் பை வைத்துக் கொடுத்தார்கள். ஆசனத்தின் வெளிப்புறத்தில் அதற்கு ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அந்த மூதாட்டியின் வண்டியில் இருந்தது. ஆனால் பின்னால் உட்காருகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. ஜன்னலோரம் திரைபோல் விரியும் பையும் கிடையாது. பெட்ரோல் கணக்கு யாவரும் அறிந்ததே: ஊருக்குள் காலனுக்கு 16 மைல், நெடுஞ்சாலையில் 24. நம் கணக்கில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டருக்கும் குறைவு, பிறகு பத்து. நெடுந்தூரம் வேலைக்குப் போகிறவர், மலைப்பாங்கான ஊரில் இருக்கிறவர், வாலிபப் பிள்ளைக்கு முதல் கார் தேடுகிறவர் இந்த வண்டிப் பக்கம் வர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முன்சக்கரம் இழுக்கும் ப்யூக் லெஸேபர், லூஸர்ன் ஆகியவற்றிலும் கிட்டத்தட்ட இதே ஆசன சுகம் உண்டு; பனிக்கு அவை மேல் என்று கிழவரே ஒப்புக்கொண்டார். ஆனால் துருவில்லாமல், நோட்டுப் புத்தகத்தோடு, எட்டாயிரத்துக்குள் அப்படியொன்று அப்போது கண்ணில் படவில்லை. அக்காவின் புதன்கிழமை காத்திருக்கவும் இல்லை.

முடிவைப் பெண் எடுத்தாள். அம்மையாரிடம் அனுமதி வாங்கி, பனி மூடிய ஒரு காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனாள். நாங்கள் ஓரத்தில் நின்றோம். வேண்டுமென்றே வளைத்துத் திருப்பினாள். வால் விலகிப் போயிற்று. வண்டி முக்கால் வட்டம் சுற்றி நின்றது. என் வயிறு கலங்கியது. மறுபடியும் செய்தாள். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொடுத்துப் பிடித்துவிட்டாள். அரை மணி நேரம் இப்படியே. இறங்கி வந்தபோது அவளுடைய நிபந்தனைகள் தயாராக இருந்தன. நாலு சக்கரத்துக்கும் புதுப் பனி டயர், முதல் நாளே. உறைபனி மழை பெய்யும் நாளில் இந்த வண்டி வெளியே வராது. ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேனுக்குச் சொல்லிவிட வேண்டும். அத்தை எப்போதும் முன் ஆசனத்தில்தான்.

மூன்றாவது நிபந்தனை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. சினிமாவில் வருகிற சீமாட்டி மாதிரி பின்னால் சாய்ந்துகொண்டு போகலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்திருக்கிறது. "பை முன்னாலதான் இருக்கு, அத்தை" என்று மருமகள் சொன்னதும், என்ன பை என்று கேட்காமலே சரி என்றுவிட்டாள்.

அம்மையார் கேட்டது ஆறாயிரத்து ஐந்நூறு. டயர் வயதைச் சொல்லிக் குறைக்கலாம் என்று கிழவர் ஜாடை காட்டினார். மருமகன் குறைத்துக் கேட்கவில்லை. டயர், குழாய், பெல்ட் எல்லாம் சேர்ந்தும் எட்டாயிரத்தைத் தாண்டவில்லை.

ஒஹையோ சட்டப்படி, விற்கிறவர் நோட்டரி ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஆபீஸில் அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சாவிகள் இரண்டையும் மேஜைமேல் வைத்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார், கொடுக்கவில்லை.

"வண்டியோடு இது வர வேண்டும் என்று தெரியும்" என்றார். அப்புறம் பேச்சு வரவில்லை.

"அது உங்களிடமே இருக்கட்டும், அம்மா" என்றான் மருமகன். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். வீட்டுக்குப் போகிற வழியில், டயர் மாற்றிய இடத்துக்குப் பக்கத்துக் கடையில் புது நோட்டு ஒன்று வாங்கினோம். முதல் பக்கத்தில் அவன் மனைவி எழுதினாள்: 62,418 மைல். பனி டயர் நான்கு. பெட்ரோல் பதினாலு காலன்.